தாத்தாவின் 67 மாடல் ஜீப்பில் காமன் ரெயில் டீசல்: வைக்கலாமா, கூடாதா?

தாண்டிக்குடி_67:
வணக்கம். வீட்டில் 1967 மாடல் மகிந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது. சிஜே3பி, பெட்ரோல், அன்று வந்த அதே ஹரிக்கேன் எஞ்சின், மூன்று கியர். தாத்தா வாங்கியது, ஆர்சி இப்போது அப்பா பெயரில். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. காப்பி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றத்தான் வண்டி ஓடுகிறது. நாலு மூட்டைக்கு மேல் போட்டால் கடைசிக் கொண்டையூசி வளைவில் மூச்சு வாங்குகிறது. வெயில் நேரத்தில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகாமல் இருக்க எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றி, அது காய்வதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்.

கீழே ஒரு மெக்கானிக், விபத்தில் நொறுங்கிய வண்டியின் 2.2 லிட்டர் காமன் ரெயில் டர்போ டீசலை, அதாவது சென்சாரும் கம்ப்யூட்டரும் வைத்து ஓடும் எஞ்சினை, ஐந்து கியர் பாக்ஸோடு வைத்துத் தருகிறேன் என்கிறார். வேலையோடு சேர்த்து இரண்டே முக்கால் லட்சம். செய்யலாமா? கூடாது என்பவர்கள் காரணத்தையும் சொல்லுங்கள். "அது பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.

டர்போ மாப்பிள்ளை:
தாராளமாகச் செய்யுங்கள். ஹரிக்கேன் புதிதாக இருந்தபோதே 75 குதிரைத் திறன்தான். டார்க், அதாவது இழுக்கும் முறுக்கு விசை, 155 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம். இத்தனை வருடம் ஓடித் தேய்ந்ததில் என்ன மிச்சம் இருக்கும்? அந்த 2.2 டீசல் 1,800 ஆர்பிஎம்மிலேயே 290 தரும். நாலு மூட்டை என்ன, எட்டு மூட்டையை முணுமுணுக்காமல் இழுக்கும். போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் அந்தக் கால ரப்பர் ஜவ்வு, டயாபிரமும், ரப்பர் ஹோஸும் அதில் ஊறிப் பிசுபிசுத்துவிடும்.

டெல்கோ அண்ணாச்சி:
ரப்பர் கெட்டால் ரப்பரை மாற்ற வேண்டும் மாப்பிள்ளை, எஞ்சினை அல்ல. எத்தனால் தாங்கும் ஹோஸ், புது டயாபிரம், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை, ஜெட், ஒரு அளவு பெரிது. ஒரு நாள் வேலை.

தாண்டிக்குடி தம்பிக்கு ஒரு கேள்வி. காம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்தாயா? ஹரிக்கேனில் இன்லெட் வால்வு ஹெட்டில் இருக்கும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டில் பிளாக்கில் இருக்கும். எக்ஸாஸ்ட் கருகினால் வெறும் வண்டியில் ஒன்றும் தெரியாது. சுமை ஏறினால்தான் இளைக்கும். நீ சொல்வது அச்சு அசலாக அதுதான். என்ன நோய் என்றே பார்க்காமல் ஆளை மாற்றச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. எஞ்சின் விசையைப் பெருக்கும் கியர் விகிதங்களைப் பார்: முதல் கியர் 2.8, ஏற்றத்துக்குப் போடும் லோ 2.46, ஆக்சிலில் உள்ள கிரவுன் 5.38. மூன்றையும் பெருக்கினால் சுமார் 37. பழைய எஞ்சினின் 155ஐ அதால் பெருக்கிப் பார், 5,700க்கு மேல். புது எஞ்சினின் 290ஐப் பெருக்கினால் 10,700. அத்தனையும் போய் இறங்குவது சக்கரத்தைச் சுற்றும் அந்தக் காலத்து ஆக்சில் ஷாஃப்டில்.

டர்போ மாப்பிள்ளை:
அண்ணாச்சி, கணக்குச் சரி, முடிவு தப்பு. ஷாஃப்டுக்கு எவ்வளவு விசை போகும் என்பதை முடிவு செய்வது எஞ்சின் இல்லை, டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம். வெறும் வண்டி ஏறத்தாழ ஒரு டன். நல்ல பிடிப்புள்ள தரையில்கூட நாலு சக்கரமும் சேர்ந்து 2,500 நியூட்டன் மீட்டர் அளவில்தான் தாங்கும், அதற்கு மேல் டயர் சுழன்றுவிடும். நீங்கள் சொன்ன 5,700ஏ அதைவிட இரண்டு மடங்கு. பழைய எஞ்சினாலேயே டயரைச் சுழற்ற முடியும்போது, புதுசு வந்து ஷாஃப்டை எப்படி முறிக்கும்?

அப்புறம், அசல் எஞ்சினை மாற்றுவது பாவம் என்ற அந்த வீட்டுப் பேச்சு. சிஜே3பிக்கு அந்த உயரமான பானெட் ஏன் வந்தது? முந்தைய சிஜே3ஏவில் இருந்தது 60 குதிரைத் திறன் கோ-டெவில் எஞ்சின். 1953இல் ஜீப்பைச் செய்த அமெரிக்க வில்லிஸ் கம்பெனி அதைவிட உயரமான ஹரிக்கேனைத் தூக்கி வைத்தது, மூட முடியாமல் பானெட்டை உயர்த்தியது. உங்கள் வண்டியின் முகமே ஒரு எஞ்சின் மாற்றத்தால் வந்த முகம். பிறகு மகிந்திராவே ஜீப்பில் இன்டர்நேஷனல் டிராக்டர் டீசலை வைத்தது, அதற்கப்புறம் பியூஜோ டீசலை வைத்தது. கம்பெனி செய்தால் முன்னேற்றம், நாம் செய்தால் பாவமா?

டெல்கோ அண்ணாச்சி:
கம்பெனி செய்தபோது சோதித்துப் பார்த்துச் செய்தது. நீங்கள் சொல்வது இரும்புக் கடை எஞ்சினை வெல்டிங் வைத்து ஒட்டுவது.

பிடிமானக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், மட்ட ரோட்டுக்கு. வண்டி காலியாகவா போகிறது? மூட்டை ஏறினால் பிடிமானமும் ஏறும். மழைக்குப் பிறகு பின் சக்கரம் ஒன்று இரண்டு பாறைக்கு நடுவில் இறுகிக்கொள்ளும். ஓட்டுகிறவன் ஆக்சிலேட்டரை மிதிப்பான். அந்த நேரம் டயர் சுழலாது, ஷாஃப்ட்தான் முறுக்கும். பழைய எஞ்சின் அங்கே திணறி நின்றுவிடும். அது நின்றதால் ஷாஃப்ட் பிழைத்தது.

லேத்துக்காரன்:
எஞ்சின் மாற்றும் வேலை செய்கிறவன் நான், எனக்கு இதில் லாபம்தான். ஆனாலும் சொல்கிறேன். அந்த ஐந்து கியர் பாக்ஸ் எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டீர்களா? டூ வீல் டிரைவ் வண்டியாக இருந்தால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸே அதில் கிடையாது. உங்கள் ஜீப்பில் இருப்பது டானா 18 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ். முன்னும் பின்னும் புரொபெல்லர் ஷாஃப்ட் வலப்பக்கமாக ஒதுங்கிப் போகும், ஆக்சிலின் உருண்டைப் பகுதி, ஹவுசிங்கும், அதற்கேற்ப வலப்பக்கம். நீளமான கியர் பாக்ஸுக்குப் பின்னால் அடாப்டர் வைத்து அதைக் கோத்தால், 80 அங்குல வீல்பேஸில் பின் ஷாஃப்டுக்கு முழ நீளம்கூட மிஞ்சாது. ஷாஃப்ட் மடங்கிச் சுழல உதவும் இணைப்பு, யூஜே கிராஸ், செங்குத்தாக மடங்கி நிற்கும். மாதம் ஒரு கிராஸ் போடலாம்.

எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி, சம்ப்பையும் பாருங்கள். பள்ளத்தில் முன் ஹவுசிங் மேலே எழும்பும்போது அதில் இடிக்கக் கூடாது. இடிக்காமல் இருக்க எஞ்சினை ஓர் அங்குலம் தூக்கினால் டர்போ பைப் பானெட்டில் முட்டும். இரண்டு நாள் தூக்குவதும் இறக்குவதுமாகவே போகும், அனுபவம்.

வயரிங் தனிக் கதை. நானே எனக்கு ஒரு ஜீப் அப்படிச் செய்தேன். ஓட்ட அருமை, பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஐப்பசி மழை இரவு, ஏற்றத்தில் திடீரென்று ஐடிலுக்கு வந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் மிதி இறங்குகிறது, எஞ்சின் கேட்கவே இல்லை. மிதியில் இருக்கும் சென்சார் கனெக்டருக்குள் தண்ணீர். மூடிய கேபின் உள்ள வண்டிக்கு அது செய்தது, நான் திறந்த ஜீப்பில் காலடியில் மாட்டியிருந்தேன். என் தப்புதான். பழைய ஜீப்பாக இருந்தால் ஆக்சிலேட்டர் ராடைக் கம்பி வைத்துக் கட்டி வீடு வந்திருப்பேன். அன்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.

டர்போ மாப்பிள்ளை:
அப்படியென்றால் சென்சார் இல்லாத டீசல் வைக்கலாமே. பொலிரோவில் வந்த 2,523 சிசி டிஐ எஞ்சின், மெக்கானிக்கல் பம்ப். ஒரே ஒரு வயர் போதும். கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகள் சென்சார் பார்த்தா ஏறுகின்றன?

வாய்தா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், சட்டம் படித்த பாவத்துக்குச் சொல்கிறேன். எந்த எஞ்சின் என்று பேசும் முன் ஆர்சி புக்கைத் திறந்து பாருங்கள். எரிபொருள் பெட்ரோல் என்று இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்ததற்கும் ஆர்சியில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதம்கூடச் சின்ன விஷயம். மூட்டை மேல் ஆள் உட்கார்ந்து போய் ஏதாவது ஆனால், இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எஞ்சின் நம்பரை.

டர்போ மாப்பிள்ளை:
அந்தக் காலத்தில் ஊரில் பாதி அம்பாசடரில் மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினை வைத்து ஆர்சியிலும் ஏற்றினார்களே சார்?

வாய்தா:
ஏற்றினார்கள். இன்று எரிபொருள் மாற்றுவதற்கு அங்கீகாரம் பெற்ற கிட் கேட்கிறார்கள். நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றியதைக் கிட் என்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிப் பாருங்கள். அந்த எஞ்சினுக்கு பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பில் இல்லாத எஞ்சின் யார் வீட்டு வாசலிலிருந்து வந்ததோ.

இன்னொரு பக்கமும் உண்டு. 2021 விதிப்படி, 50 வருடம் தாண்டி அசல் நிலையில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், நம்பரில் விஏ என்று வரும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எஞ்சினை மாற்றினால் அந்தக் கதவு மூடிவிடும்.

டர்போ மாப்பிள்ளை:
அந்த விண்டேஜ் வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதையும் சொல்லுங்கள் சார். கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம், மூட்டை ஏற்ற முடியாது. அவர் கேட்டது மூட்டைக்கு வழி.

வாய்தா:
உண்மைதான். அதனால் விஏ வாங்கச் சொல்லவில்லை, கதவைப் பற்றி மட்டும் சொன்னேன்.

எம்எம்540:
எனக்குப் புரியாத ஒன்று. இரண்டே முக்கால் லட்சத்துக்கு, ஆர்சியிலேயே டீசல் என்று போட்ட பழைய மகிந்திரா 540 ஜீப் ஒன்றை வாங்கிவிடலாமே? பியூஜோ எஞ்சின், 2,112 சிசி, 62 குதிரைத் திறன், டர்போவும் கிடையாது சென்சாரும் கிடையாது. என்னுடையது லோவில் போட்டால் சுவரே ஏறும். குளிரில் ஹீட்டர் பிளக் மட்டும் கொஞ்சம் படுத்தும்.

டர்போ மாப்பிள்ளை:
பழைய தலைவலியை விற்றுவிட்டு இன்னொரு பழைய தலைவலி.

தாண்டிக்குடி_67:
எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காம்ப்ரஷன் பார்த்தோம். 110, 105, மூன்றாவது 60, நாலாவது 108. மூன்றாவதில் எண்ணெய் விட்டுப் பார்த்தோம், ஏறவில்லை. அப்படியென்றால் கோளாறு பிஸ்டன் ரிங்கில் இல்லை, வால்வில். ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எலி கடித்த அப்பளம் மாதிரி. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

வால்வு, சீட் கிரைண்டிங், கேஸ்கெட், டயாபிரம், ஹோஸ், லேபர் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ஆனது. நேற்று ஆறு மூட்டை ஏற்றினேன். கடைசி வளைவில் லோ போட்டேன், ஏறிவிட்டது.

டெல்கோ அண்ணாச்சி:
மாப்பிள்ளை, இருக்கிறீர்களா?

டர்போ மாப்பிள்ளை:
இருக்கிறேன் அண்ணாச்சி. ஆறு மூட்டை ஏறியதில் சந்தோஷம். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் என்னவானது? ஈரத்துணி?

தாண்டிக்குடி_67:
ஏழு. துணி இன்னும் இருக்கிறது.

டர்போ மாப்பிள்ளை:
அதைத்தான் சொல்கிறேன். இரண்டு வருடம் கழித்து வேறு வால்வு போகும், அப்போது இங்கே வருவீர்கள். சரி, அது கிடக்கட்டும். பிரேக் எப்படி? அந்த ஜீப்பில் ஒற்றை லைன் மாஸ்டர் சிலிண்டர். ஒரு பைப் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. ஆறு மூட்டையோடு இறங்குகிறீர்கள்.

டெல்கோ அண்ணாச்சி:
இதில் மாப்பிள்ளை பக்கம் நான். தம்பி, பைப்பெல்லாம் எப்போது மாற்றினீர்கள்?

தாண்டிக்குடி_67:
அப்பாவிடம் கேட்டேன். தாத்தா இருந்தபோது என்கிறார்.

லேத்துக்காரன்:
நாளைக்கு மூட்டை ஏற்றாதீர்கள்.