அவசரம்: பேட்டா (ஃபைட்டர் மீன்) அடியிலேயே கிடக்குது, சாப்பிடல

செந்தூல்_சிட்டு:
நீலக் கலர் ஆண் பேட்டா. மூனு நாளா சாப்பிடல, அடியில சாஞ்சே கிடக்குது. துடுப்பெல்லாம் ஒட்டிக்கிச்சு, வயிறு உப்பின மாதிரி இருக்கு. தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. கடையில நீல மருந்து குடுத்தாங்க, ஊத்தலாமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கெப்போங்_கண்ணாடி:
எத்தனை லிட்டர் தொட்டி? ஃபில்டர் இருக்கா? கடைசியா எப்போ, எவ்ளோ தண்ணி மாத்துனீங்க? என்ன தீனி, எத்தனை உருண்டை? நீல மருந்தை மூடி வைங்க சிஸ். அது மெத்திலீன் ப்ளூவா இருந்தா முக்கியமா பூஞ்சைக்குத்தான். நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்னுடும், சிலிக்கோன்ல கறையும் பிடிக்கும்.

ஜெலுத்தோங்_தம்பி:
கல்லுப்பு போடுங்க. 4 லிட்டருக்கு 1 டீஸ்பூன், தனியா கரைச்சு ஊத்தணும். எல்லாத்துக்கும் அதான் மருந்து.

மீன்_வாத்தியார்:
வாராவாரம் இதே கேள்வி. மேல ஒட்டி வெச்ச பதிவை யாரு படிக்கிறா? துடுப்பு ஒட்டி, அடியில கிடந்தா வெல்வெட்ங்கிற ஒட்டுண்ணி நோய், சந்தேகமே வேணாம். லைட்டை அணைச்சுட்டு டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. உடம்புல துருப்பிடிச்ச தங்கப்பொடி தூவுன மாதிரி தெரியும்.

செந்தூல்_சிட்டு:
டார்ச் அடிச்சாச்சு, பொடி எதுவும் இல்ல. 5 லிட்டர், ஃபில்டர் இல்ல. தண்ணி கட் முடிஞ்சதும் ஞாயிறு முழுசா மாத்தினேன், அன்டி குளோரின் போட்டேன். தீனி காலையில 5, ராத்திரி 5.

கெப்போங்_கண்ணாடி:
மேலேருந்து பாருங்க, செதில் அன்னாசித் தோல் மாதிரி தூக்கி நிக்குதா? அப்புறம், தொட்டி எந்த ரூம்ல?

செந்தூல்_சிட்டு:
செதில் படிஞ்சுதான் இருக்கு. பெட்ரூம், ஏர்கோனுக்கு நேர் கீழ. ராத்திரி 18ல போடுவோம்.

கெப்போங்_கண்ணாடி:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே 😅 பகல்ல தண்ணி 29, 30 டிகிரி இருக்கும். 5 லிட்டர் சூட்டைப் பிடிச்சு வைக்காது, ராத்திரி சட்டுனு இறங்கிடும். பேட்டாவுக்கு 25லேருந்து 28 வேணும். குளிர்ல குடல் மந்தமாகும், 10 உருண்டையும் உள்ளேயே ஊறி உப்பும். பேட்டா வயிறு ஏறக்குறைய அதோட கண்ணு அளவுதான்னு சொல்வாங்க.

இப்பவே ஹாலுக்கு மாத்துங்க, தானா சூடாகட்டும். சுடுதண்ணி ஊத்தாதீங்க. நீர்மட்டத்தை 10 செ.மீ.க்கு இறக்குங்க, மூச்சுக்கு மேல வர்றது சுலபமா இருக்கும். 3 நாள் பட்டினி. ஒருநாள் விட்டு ஒருநாள் 30 சதவீதம் மாத்துங்க, புதுத் தண்ணியும் அதே சூட்டுல இருக்கணும். முழுசா மட்டும் மாத்தாதீங்க. அமோனியா (மீன் கழிவுலேருந்து வர்ற விஷம்) டெஸ்ட் பண்ணுங்க. டெஸ்ட் நிறம் மஞ்சள்னா 0, பச்சை ஏறினா அன்னிக்கே பாதித் தண்ணி மாத்தணும். கண்ணுக்குச் சுத்தமா தெரியறதை நம்பாதீங்க, அமோனியாவுக்கு நிறமே கிடையாது. வயிறு உப்பினதுக்குக் கல்லுப்பு வேலை செய்யாது. வேணும்னா எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட், சமையல் உப்பு இல்ல): வேற பாத்திரத்துல 4 லிட்டருக்கு 1 டீஸ்பூன், 15 நிமிஷம். மீன் தத்தளிச்சா உடனே எடுத்துடுங்க.

ஜெலுத்தோங்_தம்பி:
அப்போ வேகவெச்ச பட்டாணி குடுங்க.

கெப்போங்_கண்ணாடி:
அது தங்கமீனுக்கு லா. பேட்டா பூச்சி தின்னுற ஜாதி. டாப்னியா (குட்டி நீர்ப்பூச்சி) குடுங்க, ஓடு செரிக்காது, அதுவே தள்ளிட்டு வரும்.

மீன்_வாத்தியார்:
கெத்தாப்பாங் இலை ஒன்னு போடுங்க. நம்ம ஊர்ப் பாதாம் மரந்தான்.

புக்கிட்_மெர்தாஜாம்:
பாதாம் வேற வாத்தியாரே. கெத்தாப்பாங் நாட்டு வாதுமை.

மீன்_வாத்தியார்:
கொட்டையை உடைச்சுத் தின்னா பாதாம் மாதிரிதான் இருக்கும். பேருலயா நீந்துது மீன்?

புக்கிட்_மெர்தாஜாம்:
கொட்டை மாதிரி இருந்தா மரமும் ஒன்னா? பாதாம் குளிர்காலம் இருக்கிற தேசத்துல பூக்கிறது, இங்க ரோட்டோரத்துல எங்க வரும்? அந்த ரோட்டோர இலையை அப்படியே போடச் சொல்லாதீங்க, புகையும் பூச்சிமருந்தும் படிஞ்சிருக்கும். தானா விழுந்த காய்ஞ்ச இலையா எடுத்துக் கழுவிப் போடணும், பச்சை இலை ஆகாது.

செந்தூல்_சிட்டு:
ஹாலுக்கு மாத்தி 4 நாள் ஆச்சு. முந்தாநேத்து வெளிக்குப் போச்சு, வயிறு இறங்கிடுச்சு. இன்னிக்கு மேல வந்து டாப்னியா தின்னுச்சு. நன்றி எல்லாருக்கும் 🙏

கெப்போங்_கண்ணாடி:
சந்தோஷம். இனி நாளுக்கு 4 உருண்டை போதும். அமோனியா எவ்ளோன்னு சொல்லவே இல்லையே சிஸ்?

மீன்_வாத்தியார்:
சொல்ல மாட்டாங்க. அடுத்த வாரம் வேற பேர்ல இதே கேள்வி வரும்.

புக்கிட்_மெர்தாஜாம்:
வாதுமைக்குப் பதில் வரல.