அழகு மிளகாய்: பூ எல்லாம் கொட்டுகிறது, என்ன செய்ய?

வேலூர் மொட்டைமாடி:
தை மாதம் நர்சரியில் அழகு மிளகாய் நான்கு தொட்டி வாங்கினேன். இரண்டு கறுப்பு இலை வகை, பிளாக் பேர்ல். மற்ற இரண்டில் காய் ஊதாவாக வந்து, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். மாசி வரை கொள்ளை அழகு. பங்குனியில் பூ உதிரத் தொடங்கியது. இப்போது சித்திரை, ஒரு பிஞ்சுகூட இல்லை. தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டு வேளையும் ஊற்றினேன், கீழ் இலை மஞ்சளானது. நிழலுக்கு நகர்த்தினேன், கறுப்பு இலை பச்சையாகிவிட்டது! டிஏபி உரமும் போட்டாயிற்று. மாமியார் திருஷ்டி என்கிறார், மிளகாய் சுற்றிப் போட வேண்டுமாம். மிளகாய்ச் செடிக்கே மிளகாய் சுற்றுவதா?

மதுரைக்காரர்:
அம்மா, திருஷ்டி இல்லை, வெயில்தான். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் மிளகாயின் மகரந்தம் கெட்டுவிடும். காய் பிடிக்காத பூவைச் செடியே உதிர்த்துவிடும். குண்டு மிளகாய் போட்ட விவசாயிக்கும் இதே கதைதான். அதனால் இப்போது காய்க்கு ஆசைப்படாமல் செடியைப் பிழைக்க வையுங்கள்.

பிற்பகல் 3 மணிக்குத் தொட்டியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உள்ளே வேர் வேகிறது என்று அர்த்தம். நானும் முதல் வருடம் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைத் தளத்தில் அப்படியே வைத்து ஆறு செடியைப் பறிகொடுத்தவன். செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், மண்மேல் காய்ந்த சருகோ தென்னை நாரோ பரப்புங்கள். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும், காலையில் தண்ணீர்.

முழு நிழல் வேண்டாம். கறுப்பு நிறம் வெளிச்சத்தால் வருவது. காலை வெயில் படட்டும், 11 மணிக்கு மேல் 50 சதவீத நிழல்வலை போதும். டிஏபியை நிறுத்துங்கள், தழைச்சத்து கூடினால் இலைதான் மண்டும். கவாத்தும் இப்போது கூடாது. ஆடியில் நான்கு மழை விழுந்த பிறகு மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். புதுக் கிளையில் பூ வரும்.

திருச்சி தோட்டம்:
இலை சுருண்டிருக்கிறதா, அதையும் பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, மாலையில் மட்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும். அப்புறம் ஒரு சந்தேகம், இந்தக் காயைச் சாம்பாரில் போடலாமா?

மதுரைக்காரர்:
தின்னக்கூடிய மிளகாய்தான், காரம் மண்டையைப் பிளக்கும். ஆனால் நர்சரியில் என்ன மருந்து அடித்தார்களோ! வாங்கி வந்த காயை விட்டுவிட்டு, வீட்டில் புதிதாகக் காய்த்ததைப் பறியுங்கள்.

வேலூர் மொட்டைமாடி:
ஐயா, 3 மணிக்குத் தொட்டேன். தோசைக்கல்தான்! செங்கல் வைத்தாயிற்று, தூக்கிக் கொடுத்தது மாமியார். இலை மேல்நோக்கித்தான் சுருண்டிருக்கிறது, இன்று மாலை வேப்பெண்ணெய். ஆடியில் வந்து சொல்கிறேன்.