முழுக்கக் குனிந்த பிறகும் முதுகுத் தசை அடங்கவில்லையாம், ஏன்?

தென்றல்34:
இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த அடிமுதுகு வலி இன்னும் விட்டபாடில்லை. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள். போன வாரம் பிசியோ, இடுப்பில் முதுகெலும்புக்கு இருபக்கமும் தசையின் மின் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் இ.எம்.ஜி. பட்டைகளை ஒட்டி மெதுவாகக் குனியச் சொன்னார். கை முழங்காலைத் தாண்டிய பிறகும் திரையில் கோடு துடித்துக்கொண்டேதான் இருந்தது, "தசை ஓய்வுக்குப் போகவில்லை" என்றார். குனிந்தால் தசை வேலை செய்யத்தானே வேண்டும்? பலவீனம் என்று அர்த்தமா? தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது.

பிசியோ_குமார்:
பலவீனம் இல்லைங்க. குனியத் தொடங்கும்போது முதுகெலும்பை ஒட்டி ஓடும் எரெக்டர் ஸ்பைனே தசை, உடம்பு முன்னால் சரியாமல் பிரேக் போலப் பிடித்து இறக்குகிறது. முழுக்கக் குனிந்ததும் பாரத்தை எலும்புகளை இணைக்கும் லிகமென்ட்டுகளும் இழுபட்ட திசுக்களும் வாங்கிக்கொள்வதால் வலி இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தசை கிட்டத்தட்ட மௌனமாகிவிடும். ஃப்ளாய்ட், சில்வர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1950-களிலேயே இதை விவரமாக எழுதிவிட்டார்கள். முதுகுவலி உள்ளவர்களில் பலருக்கு அந்த மௌனம் வருவதில்லை, காரணம் உடம்பு அந்த இடத்தைக் காவல் காக்கிறது. குனியப் பயம் அதிகம் இருந்தால் இந்த இறுக்கமும் அதிகமாக இருக்கும். ஆனால் ஒன்று, வலிக்குப் பயந்து பாதியிலேயே நின்றாலும் கோடு அடங்காது, முழங்காலைத் தாண்டினீர்கள் என்பது மட்டும் போதாது, இடுப்பு மூட்டில் மட்டும் மடங்கினீர்களா, முதுகும் வளைந்ததா என்று உங்கள் பிசியோ பார்த்தாரா, கேளுங்கள்.

வாணி_கோவை:
தென்றல், எனக்கும் அதே கதைதான் பா. திரையைப் பார்த்துக்கொண்டே மூச்சை விட்டு, தலையையும் கையையும் தொங்கவிட்டுக் குனியப் பழக்கினார்கள். கோடு ஒருநாள் சட்டென்று தட்டையானதைப் பார்த்ததும்தான் குனிந்தால் எதுவும் உடையாது என்று நம்பிக்கை வந்தது. அதுவரை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மரக்கட்டை மாதிரி நடந்தேன், அதுவே வலியைக் கூட்டியது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

தென்றல்34:
நன்றி வாணி அக்கா. அப்படியானால் குழந்தையைத் தூக்கலாமா சார்?

பிசியோ_குமார்:
தூக்கலாம். தொட்டிலை ஒட்டி நின்று, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சைப் பிடிக்காமல் தூக்குங்கள். குனிவதையே நிறுத்திவிடாதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடி குனிவதில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் போவதில் புதிதாகக் கோளாறு வந்தாலோ இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.