சிறார் மையம்: காவல் துறையோடு இணைந்தா, தெருவார் பொறுப்பிலா?

துறைமுகத்தான்:
காசிமேட்டை ஒட்டிய எங்கள் பகுதியில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தை, படிப்பை நிறுத்திவிட்டுக் கைப்பேசிப் பறிப்பு, கஞ்சா என்று தடம் மாறத் தொடங்கியிருக்கும் பையன்களுக்காகத் திறக்க நலச்சங்கம் முடிவு செய்துள்ளது. காவல் துறையின் சிறுவர் சிறுமியர் மன்றத்தோடு இணைத்து நடத்தலாம் என்பது என் கருத்து. விளையாட்டுப் பொருள்களுக்கும் பயிற்சியாளருக்கும் அவர்களிடம் வழி இருக்கிறது. 2022 செப்டம்பரில் சென்னையில் தொடங்கிய 'சிற்பி' திட்டம், 100 பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் காவலர்களோடு பழக வைத்தது. சீருடையைக் கண்டால் சந்துக்குள் ஓடும் பையன், அதே காவலரோடு கேரம் ஆடினால் ஓட வேண்டிய வேலைக்கே போகமாட்டான் என்று நம்புகிறேன்.

மாலைவகுப்பு:
'சிற்பி' பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கானது. நாம் பேசுவது பள்ளியை விட்டுப் போனவர்களைப் பற்றி. மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மன்றத்தின் வருகைப் பதிவேடு காவல் நிலையத்தில் இருக்குமானால், தெருவில் ஒரு கைப்பேசி காணாமல் போன மறுநாள் முதலில் புரட்டப்படுவது அந்தப் பதிவேடுதான். அதை நம்மைவிடப் பையன்களே நன்றாக அறிவார்கள். என்னிடம் வரும் ஒருவனின் தாய், விடிவதற்கு முன்பே ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையோடு கிளம்பினால் பிற்பகலில்தான் வீடு திரும்புகிறார். மகன்மீது வழக்கு வந்ததும் பள்ளி டி.சி.யைக் கொடுத்துக் கையைக் கழுவிவிட்டது. வேறு பள்ளியில் சேர்க்க அலைந்தால் அன்றைய வியாபாரம் போகும். அலையாவிட்டால் அவன் தெருவில் நிற்பான். அந்த வீட்டுக்கு முதலில் தேவைப்படுவது குத்துச்சண்டைக் கையுறையா?

நேர்கோடு:
எல்லோரும் பையனின் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். சங்கிலியைப் பறிக்கும்போது வண்டியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பெண்ணின் வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, 16 வயது நிரம்பியவன் கொடுங்குற்றம் செய்திருந்தால் மட்டுமே பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட வாய்ப்புண்டு. மற்றவன் ஜாமீனில் வந்து மறுநாளே அதே முனையில் நிற்கிறான். இது தெரிந்துதான் பெரிய கைகள் சின்னப் பையன்களை முன்னால் அனுப்புகின்றன. பயமே இல்லாத இடத்தில் கூடம் திறந்து என்ன பயன்? கூடம் திறப்பதைவிட, பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டிப்பதுதான் சங்கம் செய்யவேண்டிய வேலை.

முன்னாள் நன்னடத்தை அலுவலர்:
பெரிய கைகளைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால், சிறாரைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க அதே சட்டத்தின் 83ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை விட்டுவிட்டுப் பையனிடம் மட்டும் பயத்தைத் தேடுவது, அம்பை ஒடித்துவிட்டு எய்தவனை விட்டுவிடுவதுதான். பயம் திருத்தும் என்பவர்கள் செங்கல்பட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் இறுதியில் வழக்கில் சிக்கிய சிறாரை வைக்கும் அங்குள்ள அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்தான், ஊழியர்களே கைதானார்கள். அதன் பிறகுதான் இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது.

மாலைவகுப்பு குறிப்பிடும் தாய்க்கு வழி இல்லாமல் இல்லை. தகுதியுள்ள குடும்பத்துக்கு, குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கைவிடப்பட்ட பெண்ணும் கணவனை இழந்தவரும் அதற்குள் வருவார்கள். நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வழக்கில் சிக்கியதால் எந்தத் தகுதியிழப்பும் நேரக் கூடாது என்று சட்டமே சொல்வதால், டி.சி. கொடுத்த பள்ளியிடமும் கேள்வி கேட்கலாம். ஆனால் வருமானச் சான்றிதழை வாங்கி, விண்ணப்பத்தோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போவதற்குள் அந்தப் பெண்ணுக்கு எத்தனை நாள் கூடை கவிழ்ந்து கிடக்கும்? சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதே கதைதான். அவருடன் போய் வர ஓர் ஆளைச் சங்கம் அமர்த்தினால், பாதி வேலை முடிந்தது.

நேர்கோடு:
ஆள் அமர்த்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மையத்துக்கு வந்துபோகும் பையன் மறுபடியும் திருடினால் யார் பொறுப்பு? பறிகொடுத்தவர் உங்கள் கதவைத்தான் தட்டுவார். காவல் துறையை வெளியே நிறுத்தினால் அந்த நேரத்தில் நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள். செங்கல்பட்டு நடந்தது மூடிய சுவருக்குள். தெருவோடு இருக்கும் கூடத்தை அதனோடு ஒப்பிடுவதும் நியாயமாகப் படவில்லை.

துறைமுகத்தான்:
பொறுப்பு பற்றிய கேள்வி சரியானது. செயற்குழுவில் அதை எழுத்தில் வைக்கிறேன். பயிற்சியாளர் மன்றத்திலிருந்து வரட்டும், ஆனால் சீருடையில் வேண்டாம். சிறாரைக் கையாளும்போது காவலர் சாதாரண உடையில்தான் இருக்க வேண்டும் என்பது விதியிலேயே உள்ளது. வருகைப் பதிவேடு சங்கச் செயலாளரிடம் இருக்கட்டும். மாலைவகுப்புக்குச் சம்மதமா?

மாலைவகுப்பு:
செயலாளரிடம் காவல் நிலையத்திலிருந்து வாய்மொழியாகக் கேட்டால் அவர் மறுப்பாரா? எழுத்து மூலமான ஆணை இல்லாமல் ஒரு பக்கத்தைக்கூடக் காட்டுவதில்லை என்று தீர்மானம் போடுங்கள். பயிற்சியாளரைப் பற்றிப் பிறகு பேசலாம். அதுவரை என் பையன்களின் பெயரைத் தரப் போவதில்லை.