மறு: இன்ஜினுக்கு ‘பிளாட்ஃபார்ம்’ – மேடையா, தளமா, தாய்வடிவா?

குழும அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் பழைய மின் இன்ஜின்கள் போய்ப் புதியவை வந்த கதையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பாதிக் கட்டுரை முடிந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியத்தில் இரண்டு வாரமாக நிற்கிறேன். பல இன்ஜின்களுக்குப் பொதுவான மூல வடிவமைப்பை ஆங்கிலத்தில் ‘பிளாட்ஃபார்ம்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் சிக்கல். நீங்கள் எழுதிய யோசனைகளை மேற்கோளாக எடுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். வாக்கியத்தில் வரும் வெக்ட்ரான், ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் செய்யும் இன்ஜின் வரிசை. முதலில் இப்படி எழுதியிருந்தேன்: “ஐரோப்பிய அடிப்படையிலான வடிவமைப்பைக் கொண்ட, வெக்ட்ரான் மேடையில் உருவாக்கப்பட்ட இன்ஜின்.” அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, “ஸ்டேஷன் மேடையில் வைத்தா இன்ஜின் கட்டுவார்கள்?” என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். ரயில் கட்டுரையில் மேடை என்றால் நாம் பெட்டியோடு நின்று வண்டிக்குக் காத்திருக்கும் மேடை ஒன்றுதான். அந்த வாக்கியத்தை அன்றே அடித்துவிட்டேன்.

> தளம் என்று வைத்துக்கொள்ளலாமே. கணினித் துறையில் பழகிய சொல்தானே.

ஐயா, கணினிக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஒன்றின் மேல் இன்னொன்று ஓடுவதால் தளம் என்கிறோம். இங்கே ஒன்றின் மேல் ஒன்று நிற்கவில்லை, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. அதோடு இன்ஜினுக்குள்ளேயே தளம் இருக்கிறது: லோகோ பைலட் கால் வைக்கும் இடம், மின்மாற்றியைத் தாங்கும் இடம். இந்தத் துறையில் நல்ல சொற்கள் எல்லாம் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. அச்சு என்று சொல்லிப் பார்த்தேன், சக்கரத்தின் அச்சு குறுக்கே வந்தது. சட்டகம் என்றால் இன்ஜினின் அடிச்சட்டகம். வார்ப்பு என்றால் வார்ப்பிரும்பு. போகி என்ற சொல் பட்ட பாடு நமக்குத் தெரியும். தொழிற்சாலைக்காரர்களுக்கு அது சக்கரங்களைத் தாங்கும் சட்டம், ஊரில் நமக்கெல்லாம் முழுப்பெட்டி. இன்னொரு சொல்லுக்கும் அந்தக் கதி வர வேண்டாம்.

சொல் தேடுவதற்கு முன் பொருளைச் சரியாகப் பார்த்துவிடுவோம். கதை நீளம்தான், ஆனால் சொல் அதற்குள்தான் இருக்கிறது.

பென்சில்வேனியா ரயில்வே 1934 முதல் 1943 வரை ஜிஜி1 என்ற மின் இன்ஜின்களைச் செய்தது. மொத்தம் 139. நியூயார்க்–வாஷிங்டன் தடத்தின் முகமே அதுதான். 1970களில் அவற்றுக்கு முப்பது, நாற்பது வயது. அடிச்சட்டகத்தில் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. மாற்றாக ஆம்ட்ராக் வாங்கியது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஈ60. அந்த ஈ60 எங்கிருந்து வந்தது தெரியுமா? அரிசோனாவில் பிளாக் மெசா அண்ட் லேக் பவல் என்ற தனிப்பாதையில் நிலக்கரி இழுத்த சரக்கு இன்ஜினிலிருந்து. மணிக்கு 120 மைல் ஓட வேண்டும் என்று வாங்கினார்கள். 1975-இல் வேகச் சோதனையிலேயே தடம் புரண்டது. அதற்குப் பிறகு அதை நினைத்த வேகத்தில் ஓட விடவில்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்களே, அதுதான். கனத்த நிலக்கரி வண்டியை நிதானமாக இழுத்த உடம்பு, பயணிகள் வண்டியாக மாறியபோது பழைய குணத்தை விடவில்லை.

அடுத்து அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். வாங்குவதற்கு முன் இரண்டு ஐரோப்பிய இன்ஜின்களைக் கடல் தாண்டி வரவழைத்துத் தங்கள் தடத்திலேயே ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்று ஸ்வீடனின் ஆர்சி4, மற்றது ஒரு பிரெஞ்சு இன்ஜின். 1976, 77-இல். பிரெஞ்சு இன்ஜினுக்கு அமெரிக்கத் தடம் ஒத்துவரவில்லை. ஆர்சி4 ஒத்துப்போனது. அதைத் தழுவிப் பிறந்ததுதான் ஏஈஎம்-7. ஆம்ட்ராக் 54 வாங்கியது, 1980-இல் ஓட்டம் தொடங்கியது. மின்சாதனங்கள் ஸ்வீடனின் ஆசியா (ASEA) நிறுவனத்தின் வழி, உடல் அமெரிக்காவின் பட் நிறுவனத்தில், சேர்த்துக் கட்டியது ஜெனரல் மோட்டார்ஸின் இன்ஜின் பிரிவு. தாய் ஆர்சி4 மணிக்கு 135 கிலோமீட்டர்தான் ஓடும். பிள்ளை 200 கிலோமீட்டர் ஓடியது. அங்குள்ள ரயில் ஆர்வலர்கள் அதை டோஸ்டர் என்றும், ஸ்வீடிஷ் மீட்பால் என்றும் கூப்பிட்டார்கள். இரண்டாவது பெயரில் தாய்நாடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள்.

> நகல், படி என்ற சொற்கள் இருக்க, தழுவல் என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

இதற்குத்தான் அந்த வேகக் கணக்கைச் சொன்னேன். நகலாக இருந்தால் 135-இல் நின்றிருக்கும். ஐரோப்பிய இன்ஜின் ஒன்றை அமெரிக்கத் தடத்தில் இறக்க எத்தனை இடத்தில் பிரித்துத் தைக்க வேண்டும்! ஸ்வீடனில் கம்பியில் 15,000 வோல்ட், நொடிக்கு பதினாறே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. நியூயார்க்குக்குத் தெற்கே ஏறத்தாழ 12,000 வோல்ட், 25 சுற்று. நியூயார்க்குக்கும் நியூ ஹேவனுக்கும் இடையே 12,500 வோல்ட், 60 சுற்று. அங்கிருந்து பாஸ்டன் வரை, 2000-இல் மின்மயமான பகுதியில், 25,000 வோல்ட், 60 சுற்று. இன்றைய இன்ஜின் இந்த மூன்றிலும் நிற்காமல் ஓட வேண்டும். உடல் வலுவுக்கும் தனி விதி இருக்கிறது. முன்னும் பின்னும் 8 லட்சம் பவுண்டு அழுத்தம் கொடுத்தாலும் அடிச்சட்டகம் நிரந்தரமாக வளையக் கூடாது. ஐரோப்பாவில் கேட்பதைப் போல இது ஒன்றே முக்கால் மடங்கு.

இணைப்பும் வேறு. போன குளிர்காலத்தில் வாஷிங்டன் யூனியன் நிலையத்தில் இதை அருகில் நின்று பார்த்தேன். வர்ஜீனியா பக்கம் போகும் வண்டிகளுக்கு அங்கே மின் இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். கழற்றியதும் பெட்டிகளில் விளக்கு மங்கியது, காற்று ஓசை நின்றது, பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பெட்டிக்கு மின்சாரம் இன்ஜினிலிருந்துதானே வருகிறது. நான் இறங்கி மேடை ஓரம் நடந்து இன்ஜின் பக்கம் போனேன். ஏசிஎஸ்-64, ஆம்ட்ராக்கின் இன்றைய மின் இன்ஜின். முகம் அப்படியே ஐரோப்பா. ஆனால் ஐரோப்பிய இன்ஜினின் நெற்றியில் இரு பக்கமும் துருத்திக்கொண்டு இடியைத் தாங்கும் பஃபர் தட்டுகள் இல்லை. நடுவில் ஒரே ஒரு கொக்கி, மடக்கிய விரல்களைப் போல. அதன் உள்விளிம்பு தேய்ந்து வெள்ளியாக மின்னியது. முகம் ஒரு ஊர், கை ஒரு ஊர் என்று அப்போது தோன்றியது. இந்த இன்ஜினைச் சொல்ல ‘நகல்’ போதாது.

> தையற்கடையில் கொடுக்கும் அளவுச் சட்டை மாதிரிதானே இது? அளவுவடிவம் என்றால் என்ன?

அக்கா, நீங்கள் சொன்ன உவமை இந்த விவாதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு, “இதே மாதிரி, கழுத்தை மட்டும் ஒரு விரல் இறக்கிவிடுங்கள்” என்று சொல்லி வருகிறோமே, ஆம்ட்ராக் ஆர்சி4-ஐ வைத்துச் செய்தது அதேதான். கட்டுரையில் இந்த உவமையை உங்கள் அனுமதியோடு சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அளவுவடிவம் என்று தனியாக நிற்கும்போது நீளம், அகலம், உயரம்தான் நினைவுக்கு வருகிறது. தையற்கடை கூடவே வந்தால்தான் சொல் புரிகிறது. கலைச்சொல் தன்னந்தனியாக நின்றாலும் பொருள் சொல்ல வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: எந்த இன்ஜினிலிருந்து எடுத்தார்களோ அது தாய்வடிவு. எடுத்துச் செய்தது தழுவல். “ஏஈஎம்-7, ஆர்சி4-இன் தழுவல்.” “ஈ60-இன் தாய்வடிவு ஒரு சரக்கு இன்ஜின்.” வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்கும் இடறவில்லை. ‘அடிப்படையிலான’ என்ற அந்த நீளமான வாலும் தானாக உதிர்ந்துவிடுகிறது. இதைவிட நேராகச் சொல்ல நம்மிடம் ‘தழுவி’ இருக்கும்போது அந்த வாலை ஏன் இழுத்துக்கொண்டு அலைய வேண்டும்?

> தாய்வடிவு ஆர்சி4-க்குச் சரி. வெக்ட்ரான் ஒரு தனி இன்ஜின் இல்லையே, அது ஒரு வரிசை. அதைத் தாய் என்று எப்படிச் சொல்வது?

தம்பி, இந்தக் கேள்விதான் என் முன்மொழிவைத் திருத்த வைத்தது. நன்றி. 2010-இல் ஆம்ட்ராக் சீமென்ஸிடம் 46 கோடியே 60 லட்சம் டாலருக்கு 70 இன்ஜின் கேட்டது. சாக்ரமென்டோவில் கட்டினார்கள், 2014 பிப்ரவரியில் முதல் வண்டி ஓடியது, 2016 ஜூனில் கடைசி ஏஈஎம்-7 விடைபெற்றது. இந்த ஏசிஎஸ்-64-க்கு ஒரே தாய் இல்லை. யூரோஸ்பிரின்டர், வெக்ட்ரான் என்ற வரிசைகளின் பொதுவான உறுப்புகளும் வரைபடங்களும்தான் மூலம். ஒரே மாதிரியான சக்கரச் சட்டம், ஒரே மாதிரியான மின்மாற்று அமைப்பு, நாட்டுக்கு நாடு மாறும் மேலுறை. ஆக நாம் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருளை அடைக்கப் பார்த்திருக்கிறோம். பொது உறுப்புகளைப் பகிரும் வரிசைக்கு வடிவக்குடும்பம் என்று வைப்போம். “ஏசிஎஸ்-64, வெக்ட்ரான் வடிவக்குடும்பத்தைத் தழுவியது.” பிளாட்ஃபார்முக்கு நேரான சொல் இதுதான் என்று இப்போது நம்புகிறேன். தாய்வடிவு, முன்னால் ஓடிய ஒரு குறிப்பிட்ட இன்ஜினுக்கு மட்டும்.

இந்த மூன்று சொல்லையும் நம்மூர் இன்ஜின்களிலும் சோதித்தேன். 1993-இல் இந்திய ரயில்வே ஐரோப்பிய நிறுவனமான ஏபிபியோடு ஒப்பந்தம் போட்டது. 1995-இல் டபிள்யூஏபி-5 என்ற பயணிகள் இன்ஜின் வந்தது. அகலப்பாதைக்கும் நம் 25,000 வோல்ட், 50 சுற்று மின்சாரத்துக்கும் ஏற்ற தழுவல். கூடவே வந்த சரக்கு இன்ஜின் டபிள்யூஏஜி-9. அதன் பற்சக்கர விகிதத்தை மாற்றிச் சித்தரஞ்சன் இன்ஜின் தொழிற்சாலையில் செய்ததுதான் டபிள்யூஏபி-7. இன்றைக்கு ராயபுரம், ஈரோடு ஷெட்டுகளின் பெயரை நெற்றியில் தாங்கி நம் விரைவு வண்டிகளை இழுப்பது அதுதான். டபிள்யூஏபி-4 இருந்த இடத்தில் வந்து நிற்கிறது. “டபிள்யூஏபி-7-இன் தாய்வடிவு டபிள்யூஏஜி-9” என்றால் ஷெட்டில் வேலை பார்ப்பவருக்கும் உடனே புரியும். இங்கேயும் தாய் சரக்கு இன்ஜின்தான், ஆனால் பிள்ளை பயணிகள் வண்டிக்கு அருமையாகப் பொருந்திவிட்டது. பழமொழியை எல்லா இடத்திலும் நீட்ட முடியாது, கட்டுரையில் ஈ60-ஓடு நிறுத்திக்கொள்கிறேன்.

‘பிளாட்ஃபார்ம் என்றே எழுதலாமே’ என்று கேட்டவருக்கு: இன்ஜின், லோகோ பைலட், ஷெட், பஃபர் எல்லாவற்றையும் அப்படியேதான் எழுதுகிறேன், மக்கள் வாயில் உள்ள சொற்கள் அவை. பிளாட்ஃபார்மும் மக்கள் வாயில் இருக்கிறது, ஆனால் வேறு பொருளில், அதே ரயில் நிலையத்தில். அதனால்தான் மறுக்கிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஏஈஎம்-7-க்குப் பிறகு ஆம்ட்ராக் வாங்கிய எச்எச்பி-8, பிரான்சின் அல்ஸ்தோம் நிறுவனம் செய்த பிபி 36000 இன்ஜினைத் தழுவியது. 15 வாங்கினார்கள், பதினைந்து வருடம்கூட உழைக்கவில்லை. அதே காலத்தில் 29 ஏஈஎம்-7 இன்ஜின்களின் உள்ளுறுப்புகளை மாற்றிப் புதுப்பித்தார்கள். உடல் பழையது, மின்னமைப்பு புதியது. இதையும் தழுவல் என்று சொல்ல மனம் வரவில்லை. ‘மறுகட்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். வீட்டுப் பின்கட்டு போல ஒலிக்கிறதோ என்று தயக்கம். வேறு சொல் தோன்றினால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிறு காலை கட்டுரையை அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
மேரிலாந்திலிருந்து