பூப்பந்துக்கு இடமில்லை, கிரிக்கெட்டுக்கு உண்டு: அனைத்துலகப் போட்டிகளில் எந்த ஆட்டம் இருக்க வேண்டும்?

ஜெலுத்தோங்காரி:
கிளாஸ்கோ 2026 காமன்வெல்த் போட்டிக்கு மொத்தம் பத்தே ஆட்டங்கள். பூப்பந்து இல்லை, ஸ்குவாஷ் இல்லை, ஹாக்கி இல்லை, முக்குளிப்பும் இல்லை. மலேசியா பதக்கத்தை நம்பிப் போகும் ஆட்டங்களில் பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னொரு பக்கம், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல் முறையாக வருகிறது. கிரிக்கெட் 1900-க்குப் பிறகு திரும்ப வருகிறது. எதை வைத்து இப்படிச் சேர்க்கிறார்கள், நீக்குகிறார்கள்?

என் கணக்கு இதுதான். ஆடுகிறவருக்கு அந்தப் பதக்கத்தைவிடப் பெரியது வேறு இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஆட்டத்துக்கே இடம். நீச்சல், ஓட்டம், பூப்பந்து, ஸ்குவாஷ் எல்லாம் இதில் தேறும். கிரிக்கெட்டும் ஆண்கள் காற்பந்தும் தேறாது. இரண்டுக்கும் சொந்த உலகக் கிண்ணம் இருக்கிறது. ஒலிம்பிக் ஆண்கள் காற்பந்தில் 23 வயதுக்கு மேற்பட்டவர்கள் மூன்று பேர்தான் ஆடலாம். முழு அணியை அனுப்பாத ஆட்டத்துக்கு எதற்குப் பதக்கம்?

நம் பினாங்கில் பிறந்த ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட்டை நினைத்துப் பாருங்கள். எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 முதல் 2015 வரை உலகின் முதல் இடம் அவர் கையில். ஆசியப் போட்டி ஒற்றையரில் ஐந்து தங்கம். 2019-ல் ஓய்வு பெறும்வரை ஒலிம்பிக்கில் ஒரு பந்துகூட அடிக்க வாய்ப்பில்லை. 2005, 2009, 2013 என்று மூன்று முறை ஸ்குவாஷ் கதவைத் தட்டியது, மூன்று முறையும் திறக்கவில்லை. இது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

செந்தூல்காரன்:
அக்கா, நிக்கோல் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் அந்தக் கோபத்தைக் கிரிக்கெட் மேல் ஏன் காட்டுகிறீர்கள்? "வேறு பெரிய கிண்ணம் இருந்தால் ஒலிம்பிக் வேண்டாம்" என்றால் டென்னிஸையும் வெளியே அனுப்ப வேண்டும். 24 கிராண்ட்ஸ்லாம் வென்ற ஜோக்கோவிச், 2024 பாரிஸில் தங்கம் வென்றதும் கை நடுங்க அழுதார். அவருக்கு அந்தப் பதக்கம் சின்னதாகவா தெரிந்தது?

கிரிக்கெட் காமன்வெல்த் போட்டிக்குள் முதலில் வந்தது எங்கே? இங்கேதான், 1998-ல் கோலாலம்பூரில். ஷான் பொல்லாக் தலைமையில் தென்னாப்பிரிக்கா ஆஸ்திரேலியாவை வென்று தங்கம் எடுத்தது. சச்சின் வந்து ஆடினார். 2025-ல் 19 வயதுக்குட்பட்ட பெண்களின் டி20 உலகக் கிண்ணமும் இங்கே நடந்தது. இறுதி ஆட்டம் பண்டமாரான் பாயுமாஸ் மைதானத்தில். அந்தக் கிண்ணம் இங்கே வந்ததால்தான் நம் பெண் பிள்ளைகள் அந்த அளவு மேடையில் நின்றார்கள். இது ஒதுக்க வேண்டிய ஆட்டமா?

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்:
காற்பந்தை எடுத்துவிடு என்று யாரும் லேசாகச் சொல்ல வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நாம் ஆடினோம். எம். சந்திரனும் சோ சின் ஆனும் இருந்த அணி அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்தது. 1980-லும் தகுதி பெற்றோம், மாஸ்கோ புறக்கணிப்பால் போகவில்லை. உலகக் கிண்ணத்துக்கு நாம் ஒரு முறையும் போனதில்லை. எங்கள் தலைமுறைக்கு உலக மேடை என்றால் அந்த ஒலிம்பிக்தான். அதைப் பறித்தால் சின்ன நாட்டுக்கு என்ன மிச்சம்?

ஜெலுத்தோங்காரி:
அண்ணே, 1972-ல் ஒலிம்பிக் காற்பந்து அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கானது. அதனால்தான் நமக்கு அங்கே ஒரு வழி இருந்தது. இப்போது ஆசியா முழுமைக்கும் ஒரு சில இடங்கள்தான். நாம் 1980-க்குப் பிறகு ஒரு முறையும் தகுதி பெறவில்லை. அந்த அணியின் பெருமையை யாரும் தொட முடியாது. ஆனால் அந்தப் பெருமைக்காக இன்றைய அரைகுறை அணிகளின் காற்பந்துக்கு இடம் கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

செந்தூல் தம்பி, 1998-ஐ நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். அந்தக் கிரிக்கெட்டுக்கு இங்கிலாந்து அணியே அனுப்பவில்லை. இந்தியா அதே நேரத்தில் டொராண்டோவில் பாகிஸ்தானோடு ஆடப் பாதிப் பேரை அனுப்பிவிட்டது. மேற்கிந்தியத் தீவுகள் ஒரு நாடு அல்ல என்பதால் பார்படோஸ், ஜமைக்கா என்று பிரிந்து வந்தார்கள். அப்புறம் 24 வருடம் காமன்வெல்த் பக்கமே கிரிக்கெட் வரவில்லை. 2022 பர்மிங்ஹாமில் பெண்கள் மட்டும் ஆடினார்கள். ஜோக்கோவிச் அழுதார், சரி. அவர் வருவதற்காகத் தன் நாட்காட்டியை மாற்றிக்கொண்டார். கிரிக்கெட் வாரியங்கள் மாற்றிக்கொள்ளுமா?

பாகான் டாலாம் தம்பி:
எல்லாரும் மட்டையையும் பந்தையும் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். கபடிக்கு யாரும் வாய் திறக்கவில்லையே? 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் இருந்து கபடி இருக்கிறது. பெண்கள் பிரிவு 2010-ல் வந்தது. "இந்தியாதான் எப்போதும் ஜெயிக்கும்" என்று சொன்னவர்கள் 2018-ல் வாய் மூடினார்கள். ஈரான் ஆண்கள், பெண்கள் இரண்டு தங்கத்தையும் கொண்டுபோனது. சடுகுடு ஆட ஒரு காலி இடம் போதும். ஸ்குவாஷ் ஆடக் கண்ணாடிச் சுவர் வேண்டும், ராக்கெட் வேண்டும், மாதாமாதம் பயிற்சிக்கு அப்பா சம்பளத்தில் ஒரு பங்கு வேண்டும். எந்த ஆட்டம் ஏழைப் பிள்ளைக்கு அருகில் இருக்கிறதோ அதற்குத்தான் முதலில் இடம் கொடுக்க வேண்டும் என்பேன். சிலம்பமும் அப்படித்தான்.

பூச்சோங் கோச்:
தம்பி சொல்வதில் நெஞ்சைத் தொடும் பகுதி இருக்கிறது. ஆனால் இதில் கணக்கும் இருக்கிறது. கோடைக்கால ஒலிம்பிக்குக்கு வழக்கமான வரம்பு சுமார் 10,500 விளையாட்டாளர்கள். புதிய அணி ஆட்டம் ஒன்று உள்ளே வந்தால் எங்கோ ஒரு எடைப்பிரிவோ, ஓட்டமோ, படகோ நெருக்கப்படும். 2013-ல் மல்யுத்தத்தையே ஒரு முறை நீக்க முடிவெடுத்தார்கள். பண்டைய கிரேக்கத்தில் இருந்து வந்த ஆட்டம் அது! அதே வருடம் புவெனோஸ் அயர்ஸில் வாக்கெடுத்தபோது மல்யுத்தம் 49, பேஸ்பால் 24, ஸ்குவாஷ் 22. நிக்கோலின் மூன்றாவது வாய்ப்பு போனது அப்படித்தான். இடம் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம்.

அதனால் பழைய அளவுகோல்தான் நேர்மையானது என்று நினைக்கிறேன். முன்பு ஒலிம்பிக் சாசனத்தில் ஆண்கள் ஆட்டம் என்றால் நான்கு கண்டங்களில் 75 நாடுகள், பெண்கள் ஆட்டம் என்றால் மூன்று கண்டங்களில் 40 நாடுகள் பரவலாக ஆட வேண்டும் என்று இருந்தது. இப்போது போட்டியை நடத்தும் நகரம் தனக்குப் பிடித்ததைக் கேட்கலாம். டோக்கியோவுக்குக் கராத்தே, பாரிஸுக்குப் பிரேக் டான்ஸ். கராத்தே ஒரே ஒரு ஒலிம்பிக்கோடு போய்விட்டது. நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் கராத்தே வகுப்பில் வளர்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பிள்ளை பத்து வயதில் ஆரம்பித்து உச்சத்துக்கு வரும்போது அந்த ஆட்டமே பட்டியலில் இல்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

தென்கிழக்காசிய நாடுகளின் சீ போட்டி இன்னும் மோசம். 2023 கம்போடியாவில் தாய்லாந்தின் முவே தாய் குத்துச்சண்டைக்குப் பதில் தங்கள் குன் கெமரை வைத்தார்கள், தாய்லாந்து அந்தப் பிரிவுக்கே வரவில்லை. 2017-ல் நாம் நடத்தியபோது நாமும் 145 தங்கம் எடுத்தோம். வெப்ப நாட்டில் ஐஸ் ஹாக்கி வரை சேர்த்த போட்டி அது. அண்டை நாடு செய்தால் குறை, நாம் செய்தால் பெருமை என்று பேச எனக்கு மனம் வரவில்லை.

பாகான் டாலாம் தம்பி:
கோச், 75 நாடு என்ற சுவரை வைத்தால் பணக்கார ஆட்டங்கள்தான் தாண்டும். ஒரு ஆட்டம் பரவ மேடை வேண்டும். மேடை ஏறப் பரவியிருக்க வேண்டும் என்கிறீர்கள். வலைக்கு மேல் காலால் பந்தடிக்கும் செப்பாக் தக்ராவ் 1990-ல் ஆசியப் போட்டிக்குள் வந்த பிறகுதானே இந்தியா, ஜப்பான், கொரியா எல்லாம் அங்கே பதக்கம் எடுத்தன? முதலில் உள்ளே விடுங்கள், எண்ணிக்கை பின்னால் வரும்.

பூச்சோங் கோச்:
ஆசியப் போட்டியில் விடலாம், அதற்கு நான் முழு ஆதரவு. கண்டப் போட்டிதான் இப்படி ஆட்டங்கள் வளர வேண்டிய இடம். கபடிக்கு அது பலன் கொடுத்தது, ஈரானே சாட்சி. ஒலிம்பிக் வேறு. சிலம்பத்தைப் பொறுத்தவரை முதலில் விதியை ஒன்றாக்குங்கள். சங்கத்துக்குச் சங்கம் புள்ளி மாறுகிறது. ஒரே அடிக்கு ஒரு நடுவர் கொடியைத் தூக்குகிறார், இன்னொருவர் தூக்குவதில்லை. அந்தக் குழப்பத்தோடு பிள்ளையை உலக மேடையில் ஏற்றினால் அடிபடுவது பிள்ளைதான்.

ஜெலுத்தோங்காரி:
தம்பியின் மேடை வாதத்தை நான் ஆதரிக்கிறேன், கோச். பூப்பந்து 1992 பார்சிலோனாவில்தான் பதக்க ஆட்டமாக உள்ளே வந்தது. ரசிப், ஜலானி சிடேக் சகோதரர்கள் அப்போதே வெண்கலம் எடுத்தார்கள், மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2024 வரை நாம் எடுத்தது 15 பதக்கம், அதில் 11 பூப்பந்து. அந்தக் கதவு மூடியே இருந்திருந்தால் லீ சோங் வெய்யின் மூன்று வெள்ளியும் கிடையாது. ஆசிய ஆட்டம் என்று அன்று ஒதுக்கியிருந்தால் 2016-ல் ஸ்பெயினின் கரோலினா மரின் எப்படித் தங்கம் எடுத்திருப்பார்?

ஸ்குவாஷ் விஷயத்தில் எனக்கு வேறு பயம். லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்த்தது அந்த ஒரு போட்டிக்கு மட்டும். நம் சிவசங்கரி 2022-ல் கார் விபத்தில் சிக்கி, எழுந்து வந்து, ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வென்றவர். 2028-ல் அவருக்கு 29 வயது. அவருக்கு அந்த ஒரு வாய்ப்பு கிடைக்கும். இன்று பினாங்கு புக்கிட் டும்பாரில் ராக்கெட் பிடிக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு? ஆறு அணிகள் மட்டும் ஆடும் கிரிக்கெட்டைக் கொண்டுவர இவ்வளவு ஆர்வம் காட்டுகிறவர்கள், ஸ்குவாஷை நிரந்தரமாக்க அதில் பாதி காட்டினால் போதும்.

செந்தூல்காரன்:
அக்கா, ஆறு அணி என்பது கிரிக்கெட்டின் குற்றம் இல்லை, இடம் ஒதுக்கியவர்களின் குற்றம். ஆறு போதாது என்று நானும் சொல்கிறேன். பன்னிரண்டு ஆக்கட்டும், ஆசியாவுக்குத் தகுதிச் சுற்று வைக்கட்டும், நேப்பாளும் மலேசியாவும் மோதி வழி தேடட்டும். ஸ்குவாஷை நிரந்தரமாக்கக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். கிரிக்கெட்டை எடுத்துவிட்டு அதைச் செய்யச் சொன்னால் மட்டும் என் கையெழுத்து கிடையாது.