மறு: 'ஸ்மூத்' பரப்பு: வழவழப்பா, நைசா?

அன்பர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் நான் எடுக்கும் மாலை வகுப்புக்கான உராய்வுப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சேற வேண்டும். 'ஸ்மூத்' (smooth) என்ற இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ் தேடி மூன்று நாளாக முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

> வழவழப்பு போதுமே ஐயா. பாடநூலில் இருப்பதுதானே?

இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் 'வழு' கேட்கிறது. இலக்கணத்தில் வழு என்றால் பிழை. ஊரிலோ பிடிகொடுக்காத பேச்சுக்கு 'வழவழா கொழகொழா'. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'ஒப்பம்' அழகான சொல், இலங்கைப் பாடநூல்களில் புழங்குவது. இங்கே ஒப்பம் என்றால் கையெழுத்து.

'மழமழப்பு' என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். 'மழவும் குழவும் இளமைப் பொருள' என்கிறது தொல்காப்பிய உரியியல். குழந்தையின் கன்னத்தைத் தொட்டவருக்கு மழவும் மழமழப்பும் வேறல்ல. குறளின் 'மழித்தலும் நீட்டலும்' கூட இந்தக் குடும்பம்தான் என்பேன். சரி, இது நீளும்.

நேற்று ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறைக்குப் போனேன். கண்ணாடிமேல் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, உலர்ந்த கலவையைத் தூவி, மேலே சாந்து போட்டு அழுத்துகிறார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் பளபளவென்று வருகிறது.

"இந்தப் பக்கத்துக்கு என்ன சொல்வீங்கண்ணே?" என்றேன்.

"நைசு" என்றார், யோசிக்காமல்.

எங்கள் வீட்டு ஆச்சியும் மசாலாவை "நைசா அரை" என்றுதான் சொல்வார். இங்கிலீஷில் நைஸ் முதலில் 'அறிவில்லாத' என்று பொருள்பட்டு, பிறகு 'நுட்பமான' ஆகி, அப்புறம்தான் 'இனிய' ஆனது. நாம் அந்த நடுப்பொருளைப் பிடித்துக்கொண்டோம். அதற்கு இடம் கொடுத்தது நம் 'நை' என்பது என் துணிபு: நைய அரைத்தது நைசு.

> நைதல் என்றால் சிதைவு. நைந்த வேட்டி மழமழவென்றா இருக்கிறது? 'நைசா நழுவினான்' என்பதையும் பாடத்தில் சேர்ப்பீர்களா?

அம்மா, நைந்த வேட்டியைத் தடவிப் பாருங்கள், புது வேட்டியின் முரடு போயிருக்கும். நழுவவும் உராய்வு குறைய வேண்டும்தானே?

இங்கே பதில் எழுதிய ஏழு பேரில் ஐந்து பேர் வழவழப்பு என்றதால் பாடத்தில் அதையே வைக்கிறேன். முதல் பயிற்சியில் மட்டும் 'ஆத்தங்குடிக் கல்லின் நைசான பக்கம்' என்றிருக்கும். அதை மாற்றுவதாக இல்லை.